முதல் நாளே போகணுமா? ஒரு வாரம் பொறுத்தா போச்சா? திருப்போரூர் வொண்டர்லாவும் வீட்டுக் கணக்கும்!

செங்கல்பட்டு:

செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் அருகே இள்ளலூரில் கட்டப்பட்ட வொண்டர்லா பொழுதுபோக்கு பூங்காவை 2025 டிசம்பர் 1ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 2ம் தேதி முதல் பொதுமக்களுக்கு அனுமதி என்று அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பு வந்த நாளில் இருந்தே கேளம்பாக்கம், திருப்போரூர், மாமல்லபுரம், செங்கல்பட்டு பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "முதல் நாளே போயிடலாமா?" என்று பிள்ளைகள் நச்சரிக்க, "காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று பெற்றோர் தலையைச் சொறிந்தனர்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். புது பூங்காவின் திறப்பு நாள் பந்தியா, படையா என்பதுதான் கேள்வி. இந்த ஒரு பூங்காவோடு முடியும் கேள்வியும் இல்லை. புது ராட்டினம், புது மால், புது பொருட்காட்சி என்று எது வந்தாலும் இதே கேள்வி வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

ரூ.611 கோடி... 43 ராட்டினம்

கேரளாவில் கொச்சி, கர்நாடகாவில் பெங்களூரு, தெலங்கானாவில் ஐதராபாத், ஒடிசாவில் புவனேஸ்வர். இந்த நாலுக்கு அடுத்து வொண்டர்லா நிறுவனத்தின் ஐந்தாவது பூங்கா இது. கொச்சி பூங்கா 2000ம் ஆண்டு 'வீகாலேண்ட்' என்ற பெயரில் தொடங்கியது. ஐதராபாத் 2016ல் வந்தது. புவனேஸ்வர் 2024ல் வந்தது. தமிழகத்துக்கு பல வருஷமாக "வருது, வருது" என்று சொல்லப்பட்டு, கடைசியில் 2025 இறுதியில்தான் வந்து சேர்ந்தது.

சுமார் 60 ஏக்கருக்கும் மேற்பட்ட இடம். முதலீடு ரூ.611 கோடி. தரையில் ஓடுவது, தண்ணீரில் சறுக்குவது எல்லாம் சேர்த்து 43 ராட்டினங்கள். ஒரு நாளைக்கு 6,500 பேர் வரை வரலாம் என்பது நிறுவனம் சொன்ன அளவு.

இதில் எல்லார் கண்ணும் 'தஞ்சோரா' மேல்தான். சாதாரண ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் காலுக்குக் கீழே இருக்கும். இதில் தண்டவாளம் தலைக்கு மேலே. உட்கார்ந்தவர்களின் கால் அந்தரத்தில் தொங்கும். சுவிட்சர்லாந்தின் பொலிஜர் அண்ட் மாபிலார்ட் நிறுவனம் செய்தது. இந்த நிறுவனத்தின் இந்த வகை இந்தியாவுக்கு இதுதான் முதல். 'ஸ்பின் மில்' என்ற உயர ராட்டினம் இன்னொரு பக்கம். குடும்பத்தோடு உட்கார்ந்து உயரத்தில் மெதுவாகச் சுற்றி வர 'ஸ்கை ரெயில்' இருக்கிறது.

முட்டுக்காடு எம்.ஜி.எம்., ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி., தாம்பரம் கிஷ்கிந்தா என்று பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்கு ராட்டினம் புதுசு இல்லை. வி.ஜி.பி.யில் சிலை மனிதனைச் சிரிக்க வைக்கப் பார்த்து தோற்றுப் போன அப்பாக்கள்தான் இன்று தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் இவ்வளவு பெரிய முதலீட்டில் ஒரு பூங்கா இந்தப் பக்கம் வந்தது புதுசு.

முதல் நாள் சலுகை: லாபம் எவ்வளவு?

முதல் நாள் போகச் சொல்லி இழுத்தது டிக்கெட் சலுகை. பூங்கா திறந்தபோது அறிவித்த டிக்கெட் ஆரம்ப விலை ரூ.1,489. திறப்பு நாளுக்கு மட்டும் ரூ.1,199. பார்த்ததும் ஒரு ஆளுக்கு ரூ.290 மிச்சம் என்று தோன்றும். நாலு பேருக்கு ரூ.1,160. கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிடலாம் போல இருக்கும்.

கொஞ்சம் நின்று பார்த்தால் விஷயம் வேறு.

ஆன்லைனில் முன்பதிவு செய்தால் சாதாரண நாளிலேயே 10 சதவீதம் தள்ளுபடி உண்டு என்று அப்போதே அறிவித்தார்கள். அப்படிப் பார்த்தால் ரூ.1,489 என்பது ரூ.1,340 ஆகிவிடும். நாலு பேருக்கு ரூ.5,360. திறப்பு நாள் சலுகையில் நாலு பேருக்கு ரூ.4,796. உண்மையான மிச்சம் ரூ.1,160 இல்லை, ரூ.564தான்.

கல்லூரி மாணவர்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. அடையாள அட்டை காட்டினால் அவர்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி. ரூ.1,489ல் 20 சதவீதம் போனால் ரூ.1,191. திறப்பு நாள் விலையை விட இது 8 ரூபாய் குறைவு! அதாவது, கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு முதல் நாள் சலுகையால் ஒரு பைசா லாபம் இல்லை. அட்டை கையில் இருந்தால் அடுத்த வாரம் போனாலும் அதே விலைக்குக் கொஞ்சம் கீழேதான்.

கூலியைக் கணக்குல சேர்த்தீங்களா?

சலுகை விலையைப் பேசுகிற பலர் கூலியை மறந்துவிடுகிறார்கள்.

டிசம்பர் 2 செவ்வாய்க்கிழமை. வேலை நாள். மாதச் சம்பளக்காரர் லீவு சொல்லிவிட்டுப் போகலாம். கொத்தனார், சித்தாள், பெயின்டர், வீட்டு வேலைக்குப் போகும் அம்மா, தெருவில் தள்ளுவண்டி போடுபவர் எல்லாம் ஒரு நாள் போகவில்லை என்றால் அந்த நாள் காசு இல்லை.

தமிழகத்தில் 2025-26ம் ஆண்டுக்கு 100 நாள் வேலைத் திட்டத்தில் நிர்ணயித்த நாள் கூலி ரூ.336. கட்டட வேலைக்கு இதைவிட அதிகம் கிடைக்கும். ஆனாலும் அரசு நிர்ணயித்த இந்தத் தொகையையே எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இரண்டு பேரும் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் ரூ.672 போச்சு. முதல் நாள் சலுகையில் மிச்சமானது ரூ.564. அப்படியென்றால் சலுகையும் போய், கையில் இருந்து ரூ.108 சேர்ந்து போகிறது. கட்டட வேலைக்காரர் வீட்டில் நஷ்டம் இன்னும் அதிகம்.

மொத்தச் செலவை இன்னொரு விதமாகப் பார்க்கலாம். நாலு பேருக்கு முழு விலை ரூ.5,956. நாள் கூலி ரூ.336 வாங்குபவர் சாப்பாடு, வாடகை எதுவும் செலவு பண்ணாமல் 18 நாள் உழைத்தால்தான் இந்தக் காசு சேரும். அதுவும் டிக்கெட்டுக்கு மட்டும். பஸ், ஆட்டோ, உள்ளே சாப்பாடு, பொருள் வைக்கும் லாக்கர், தண்ணீரில் இறங்கத் தனி உடை எல்லாம் தனி. இது மாதிரி பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போய் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கனவு வாசலிலேயே முடிந்துவிடும்.

இவ்வளவு காசு போட்டுப் போகிற ஒரு நாள், நல்ல நாளாக அமைய வேண்டாமா? வருஷத்துக்கு ஒரு தடவை போகிற குடும்பத்துக்கு அந்த ஒரு தடவை வீணாகக் கூடாது. நினைத்தபோது மறுபடி போக வசதி உள்ளவர்களுக்கு முதல் நாள் சொதப்பினாலும் கவலை இல்லை. வசதி இல்லாதவர்களுக்குத்தான் எந்த நாள் போவது என்பது பெரிய முடிவு.

மழையோடு வந்த திறப்பு நாள்

அந்த டிசம்பர் 2ம் தேதி வானிலை எப்படி இருந்தது? இலங்கையில் பெரும் அழிவை உண்டாக்கிய 'டிட்வா' புயல், வலு குறைந்து சென்னை கடலோரத்தை ஒட்டி நின்ற நேரம் அது. டிசம்பர் 1ம் தேதி சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் கொட்டித் தீர்த்தது. மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது.

பள்ளி லீவு என்றதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "லீவுதானே, போலாம்" என்று குதிப்பார்கள். ஆனால் எதற்காக லீவு விட்டார்களோ, அதே காரணம்தான் ராட்டினத்துக்கும். இடி மின்னல், பலத்த காற்று என்றால் உயரமான ராட்டினங்களை நிறுத்தி வைப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். அது பாதுகாப்புக்காகச் செய்வது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டிக்கெட் எடுத்து உள்ளே போனவருக்கு ராட்டினத்தைப் பார்க்கத்தான் முடியும், ஏற முடியாது.

செங்கல்பட்டு கடலோரத்தில் வருஷத்து மழையில் பெரும் பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும் வடகிழக்குப் பருவமழைதான். இந்த மூன்று மாதத்தில் எந்தத் திறந்தவெளி பூங்கா திறந்தாலும் முதல் சில வாரம் வானத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். டிக்கெட் போடும் முன்பு மழையால் ராட்டினம் நின்றால் என்ன செய்வார்கள், தேதியை மாற்றித் தருவார்களா, பணம் திரும்ப வருமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. அவசரத்தில் போனைத் தட்டிவிட்டு அப்புறம் புலம்புவதில் பயன் இல்லை.

வரிசையில எவ்வளவு நேரம்?

ஒரு நாளைக்கு 6,500 பேர், 43 ராட்டினம். வகுத்துப் பார்த்தால் ஒரு ராட்டினத்துக்கு 150 பேர்தான். "இதெல்லாம் ஒரு கூட்டமா?" என்று தோன்றும். ஆனால் கூட்டம் அப்படிச் சமமாகப் பிரிந்து நிற்காது. கல்யாண வீட்டில் பந்தி முழுக்கப் பதார்த்தம் இருந்தாலும் ஐஸ்கிரீம் கவுன்டரில்தான் தள்ளுமுள்ளு. அதுபோல புது பூங்காவில் எல்லாரும் விளம்பரத்தில் வந்த இரண்டு மூன்று ராட்டினத்துக்குத்தான் ஓடுவார்கள்.

ஒரு பெரிய ராட்டினத்தில் ஒரு மணி நேரத்துக்கு 500 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு வந்தவர்களில் 3,000 பேர் அதில் ஏற ஆசைப்பட்டால், கடைசி ஆள் ஏறி இறங்க 6 மணி நேரம் ஆகும். இடையில் மழை வந்து ஒரு மணி நேரம் நின்றால் அதுவும் சேரும். வரிசையில் நிற்காமல் ஏற கூடுதல் விலைக்கு 'பாஸ்ட் டிராக்' டிக்கெட் விற்பது இது போன்ற பூங்காக்களில் வழக்கம். காசு உள்ளவர் முந்துவார். சாதா டிக்கெட்காரர் நிழலில் நிற்பார், குழந்தை தோளில் தூங்கும்.

பனையூரும் மெரினாவும் சொன்ன பாடம்

முதல் நாள், ஒரே நாள், சிறப்பு நாள் என்றால் நம்ம ஊர் கூட்டம் எப்படி என்பதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை.

2023 செப்டம்பர் 10ம் தேதி கிழக்கு கடற்கரை சாலை பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்டு 12ம் தேதி நடக்க வேண்டியது மழையால் தள்ளிப் போனது. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களில் பலர் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தனர். ஈ.சி.ஆரில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. உள்ளே போக முடியாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் நிலை வந்தது.

2024 அக்டோபர் 6ம் தேதி சென்னை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. இலவசம்தான். லட்சக்கணக்கானோர் குவிந்தனர். கொளுத்தும் வெயில், குடிக்கத் தண்ணீர் கிடைக்காத தவிப்பு, வீடு திரும்ப ரெயிலிலும் பஸ்சிலும் இடம் இல்லாத நிலை. 5 பேர் உயிர் இழந்தனர்.

இந்த இரண்டும் பூங்கா இல்லை. அங்கே அந்த ஒரு நாளை விட்டால் மறுபடி கிடைக்காது, அதனால் மக்கள் அடித்துப் பிடித்துப் போனார்கள் என்றாவது சொல்லலாம். பூங்காவுக்கு அந்த நியாயமும் இல்லை. ரூ.611 கோடி போட்டுக் கட்டியது நாளைக்கும் அங்கேதான் இருக்கும். அடுத்த மாதமும் இருக்கும்.

உலகப் புகழ்பெற்ற டிஸ்னிலேண்டே முதல் நாளில் திணறியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17ம் தேதி அழைப்பு வைத்து நடத்திய திறப்பு விழாவுக்கு, போலி டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் புகுந்துவிட்டனர். கடும் வெயிலில் புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் ஹை ஹீல்ஸ் செருப்பு அதில் புதைந்தது. பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல இடங்களில் வேலை செய்யவில்லை. உணவும் தீர்ந்தது. அந்த நாளை அங்கே 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அதே பூங்கா சில வாரங்களில் சரியாகி, 70 வருஷமாக ஓடுகிறது. முதல் நாள் போனவர்கள் அவதிப்பட்டார்கள். பொறுத்துப் போனவர்கள் நன்றாகப் பார்த்தார்கள்.

புது மெஷின் பழகணும்ல!

புது வண்டி வாங்கினால் முதல் சர்வீஸ் வரைக்கும் மெதுவாக ஓட்டு என்று மெக்கானிக் சொல்வார். ராட்டினத்துக்கும் அது பொருந்தும். மெஷினும் பழக வேண்டும், அதை இயக்கும் ஊழியர்களும் பழக வேண்டும்.

2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் புது ராட்டினம் ஒன்றைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது விபத்து நடந்தது. ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயம் அடைந்தனர். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் ராட்டினம் ஒன்று பழுதாகி அந்தரத்தில் நின்றது. 30க்கும் மேற்பட்டோர் சுமார் 3 மணி நேரம் மேலேயே சிக்கித் தவித்தனர். தீயணைப்பு வீரர்கள் ராட்சத ஏணி வண்டியோடு வந்து எல்லாரையும் பத்திரமாக இறக்கினர்.

இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிற விஷயம்தான் இது. வேறு பூங்காவில் நடந்ததை வைத்துப் புது பூங்காவைச் சந்தேகப்படுவதும் சரியில்லை. ஆனால் எந்தப் புது இடமாக இருந்தாலும் கவனிக்க வேண்டியது சில உண்டு. பெல்ட், கம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஊழியர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா? உயரம் அளக்காமல் சிறுவர்களை ஏற்றுகிறார்களா? இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம் பற்றி எழுதிப் போட்ட பலகை இருக்கிறதா? "ஏதோ சரியில்லையே" என்று தோன்றினால் இறங்கிவிடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. டிக்கெட் காசு போனால் போகட்டும்.

குட்டிப் பசங்க ஏறவே முடியாது!

பிள்ளைக்காகத்தான் போகிறோம் என்கிறவர்கள் முதலில் டேப் எடுத்துப் பிள்ளையின் உயரத்தை அளக்க வேண்டும். வயசைப் பார்ப்பதில்லை, உயரம்தான் கணக்கு. வொண்டர்லா பூங்காக்களில் 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. அதற்கு மேல் போனால் காசு.

ஆனால் டிக்கெட் வாங்கினால் எல்லாவற்றிலும் ஏறலாம் என்று அர்த்தம் இல்லை. இது போன்ற பெரிய ராட்டினங்களில் ஏற 140 சென்டிமீட்டர் உயரம் கேட்பது வழக்கம். மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை அந்த உயரத்தை எட்டியிருக்காது. டி.வி.யில் பார்த்த ராட்டினத்தின் கீழே நின்று அது அழும்போது, "அடுத்த வருஷம் ஏறலாம்டா" என்று சொல்லத்தான் முடியும். அதற்கு அந்த அடுத்த வருஷமே கூட்டிக்கொண்டு போகலாம். காசு ஒரு தடவையோடு முடியும்.

அப்ப யாரு முதல் நாள் போகலாம்?

முதல் நாள் போகவே கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சிலருக்கு அது சரியாகவும் இருக்கும்.

* பக்கத்து ஊர்க்காரர்கள். திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் சொதப்பினால் அரை மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

* ஷிப்ட் வேலைக்காரர்கள். மறைமலைநகர், ஒரகடம், சிறுசேரி பக்கம் வேலை செய்பவர்களுக்கு வார விடுமுறை அந்த நாளில் வந்தால் கூலி இழப்பு இல்லை. சலுகை முழுசாக லாபம்.

* சேர்ந்து போகும் வாலிபர்கள். வரிசையில் நின்றாலும் அரட்டையில் பொழுது போய்விடும். நனைந்தாலும் கவலை இல்லை.

கைக்குழந்தை, வயசான அப்பா அம்மா, கர்ப்பிணி, கடன் வாங்கி டிக்கெட் எடுப்பவர், தூரத்தில் இருந்து வருபவர் எல்லாம் ஒதுங்கி இருப்பதே நல்லது. முக்கியமாகக் கடன். பத்து வட்டிக்கு வாங்கி ராட்டினம் சுற்றினால், ராட்டினம் நின்ற பிறகும் தலை சுற்றும்.

எப்போ போனா நல்லது?

திறந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும். போய் வந்தவர்கள் எது நல்லா இருக்கு, எங்கே வரிசை, சாப்பாடு என்ன விலை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, காணும் பொங்கல் ஆகிய நாட்கள் வேண்டாம். காணும் பொங்கல் அன்று மாமல்லபுரம் கடற்கரை சாலையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொங்கல் முடிந்து பிப்ரவரி வரைக்கும் மழையும் இல்லை, வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு. மார்ச் வந்தால் பரீட்சை. மே மாதம் வெயில், கூட்டம் இரண்டும் சேர்ந்து வரும்.

போகிற வழியை விட வருகிற வழியை யோசிக்க வேண்டும். தாம்பரத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போகும் 515 பஸ்சை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. திருப்போரூரில் இறங்கி பூங்காவுக்கு எப்படிப் போவது, சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது திரும்ப என்ன வண்டி கிடைக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைக்க வேண்டும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30ம் தேதி திறந்தபோது கட்டடம் பிரமாதமாக இருந்தது. ஆனால் ரெயில் நிலையம் தயாராகாததால் பெட்டி படுக்கையோடு மக்கள் அலைந்தார்கள். கட்டடம் முதலில் வரும், வழி அப்புறம்தான் வரும். நம்ம ஊர் வழக்கம் அப்படி.

ஊருக்கு என்ன லாபம்?

இந்தப் பூங்கா இத்தனை வருஷம் இழுத்ததற்கு ஒரு காரணம் வரி. பூங்கா டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. அதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி 10 சதவீதமும் போட்டால் கட்டுப்படி ஆகாது என்று நிறுவனம் சொல்லி வந்தது. 10 வருஷத்துக்கு அந்த வரியில் அரசு விலக்கு கொடுத்த பிறகுதான் வேலை வேகம் எடுத்தது.

வரி விலக்கு இல்லை என்றால் பூங்காவே வந்திருக்காது என்பது ஒரு வாதம். வரி வராது என்றால் ரோடு, குப்பை, தண்ணீர் செலவுக்கு உள்ளாட்சி எங்கே போகும் என்பது இன்னொரு வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. உள்ளூர் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை, ஆட்டோக்காரருக்கு எத்தனை சவாரி, பெட்டிக்கடைக்கு எத்தனை வியாபாரம் என்பதை வைத்துத்தான் கடைசியில் ஊர் தீர்ப்பு சொல்லும். அதுவும் முதல் நாளில் தெரிகிற விஷயம் இல்லை.

80 ரூபாயில ஒரு நாள்!

ரூ.6,000 சேரும் வரைக்கும் பிள்ளைகள் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டுமா? தேவையில்லை. திருப்போரூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு அதே ரோட்டில் தெற்கே போனால் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து இந்தியர்களுக்கு தொல்லியல் துறை டிக்கெட் ஒரு ஆளுக்கு ரூ.40தான். 15 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை போனால் மொத்தம் 80 ரூபாய். அர்ச்சுனன் தபசை ரோட்டில் நின்றே பார்க்கலாம். 1984ல் ஐ.நா. சபையின் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். வெளிநாட்டுக்காரன் விமானம் ஏறி வந்து பார்க்கிறதை நம்ம பிள்ளை டவுன் பஸ்சில் போய்ப் பார்க்கலாம். புளிசாதமும் கொண்டு போகலாம்.

ஆனால் பிள்ளையின் ஆசை ராட்டினம்தான் என்றால், அதை "அதெல்லாம் நமக்கு இல்ல" என்று வெட்டிவிடவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சு பிள்ளை "நாங்க முதல் நாளே போனோம்" என்று சொல்லும்போது நம் பிள்ளையின் முகம் வாடும். அதுதான் பெற்றோருக்கு ரூ.290 சலுகையை விடப் பெரிய அழுத்தம். கடன் வாங்க வைப்பதும் அதுதான்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. காலண்டரை எடுத்து, பொங்கல் கழித்து வருகிற ஒரு நாளைப் பிள்ளையையே வட்டம் போடச் சொல்ல வேண்டும். ஒரு உண்டியல் வாங்கி அதன் கையில் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு தொகை அதில் விழட்டும். இன்ன தேதிக்குப் போகிறோம் என்று தெரிந்தால் பிள்ளை பொறுக்கும். தேதி சொல்லாமல் "அப்புறம் பார்க்கலாம்" என்றால்தான் அழும்.

ராட்டினத்தில் முதல் நாள் ஏறினாலும் நூறாவது நாள் ஏறினாலும் வயிற்றைப் பிசைவது ஒரே மாதிரிதான். என்ன, நூறாவது நாள் வரிசை கொஞ்சம் சின்னதாக இருக்கும்.